எண்ணாமல் விட்ட கெண்டைகள்

போன மாசி மாதம் ஒரே குட்டையில் மூன்று நாள் இடுப்பளவுக் குளிர்த் தண்ணீரில் நின்றேன். அந்த வலி இன்னும் முழங்காலை விட்டுப் போகவில்லை. என் வயதுக்காரர் வேறு யாரையும் இந்த மலையில் அப்படி நிற்கச் சொல்ல முடியாது. பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் கம்பளிக்குள் கிடக்கிறார்கள். நான் நின்றேன். ஆனால் அந்த மூன்று நாளில் ஒரு நாள் மட்டும் நானும் கம்பளிக்குள்ளேயே கிடந்திருந்தால் ஊருக்கு நல்லதாக இருந்திருக்கும். அதைத்தான் எழுதுகிறேன்.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எட்டு வயதில் அடுத்தவர் ஆடுகளை மேய்த்தேன். பிறகு ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் சுமந்தேன், பழம் உரிக்கிற மெஷினில் நின்றேன், கணக்கெழுதுகிற ரைட்டர் லீவு போட்ட நாளெல்லாம் ஆட்களைப் பேர் கூப்பிட்டேன். மிளகு வாங்கி விற்றேன். இன்று இருபத்திரண்டு ஏக்கர் காப்பியும் மிளகும் என் பேரில் இருக்கின்றன. யாரும் என் கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை. வாழவந்திக்கும் மஞ்சக்குட்டைக்கும் நடுவில் என் ஜீப் ஏறாத பாதை கிடையாது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காலேஜ் மேடம் என்னைத் தேடி வந்ததே அந்த ஜீப்புக்காகத்தான்.

அவர் கீழே சேலத்தில் ஒரு காலேஜில் உயிரியல் பாடம் நடத்துகிறவர். நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மலைமேல் இருக்கிற சின்னச் சின்னக் குட்டைகளில் என்னென்ன மீன் இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று எண்ணப் போவதாகச் சொன்னார்.

"ஆளுங்களுக்குச் சம்பளம் குடுக்க வழியில்லைங்க ஐயா. மனசு இருக்கறவங்க வந்து செஞ்சு குடுத்தாத்தான் உண்டு. மத்தியானச் சாப்பாடு மட்டும் தர்றோம்."

"சாப்பாடும் எங்க ஊட்ல இருந்தே வரும் அம்மணி. ஜீப்பு என்னுது, பரிசல் என்னுது, வலை என்னுது. நீங்க நோட்டுப் புஸ்தகம் மட்டும் கொண்டாங்க," என்றேன்.

அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமைதான். காப்பிப் பறிப்பு முடிந்து மிளகுப் பறிப்பு தொடங்காத நேரம். சும்மா உட்கார்ந்தால் எனக்கு உடம்பு துருப்பிடித்துவிடும்.

கூலியில்லாமல் வந்து சேர்ந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சை விட்டு வர மாட்டார்; மற்ற நாளில் எங்கே கூப்பிட்டாலும் வருவார். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் நோட்டு அவரிடம். இன்னொருத்தி எங்களுக்குப் பக்கத்து ஊர் மலைக்காரப் பொம்பளை. ராகி விதைக்கிற குடும்பம். வலை இழுத்தால் இரண்டு ஆம்பிளைக்குச் சமம், வாய் நாலு பேருக்குச் சமம். இவர்களோடு காலேஜ் பிள்ளைகள் சிலரும், அந்த ஊர் விவசாயிகள் மூன்று நான்கு பேரும்.

ஐந்து குட்டைகள். முதல் நான்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றில் ஜிலேபி மீனைத் தவிர வேறு மீன் இல்லை. ஒன்றில் மீனே இல்லை. சுற்றுலா வந்தவர்கள் எறிந்த பாட்டில்கள்தான் வலையில் வந்தன. விடிந்ததும் பனியில் கிளம்புவது, வலை இழுப்பது, அட்டை பிடுங்குவது, ஈரத் துணியோடு திரும்புவது என்று பத்து நாள் போனது. எனக்கு அப்போதே அலுத்துவிட்டது. வெளியே காட்டவில்லை.

ஐந்தாவதுதான் அந்தப் பொம்பளையின் ஊர்க் குட்டை. வாழவந்தி ரோட்டிலிருந்து பிரிந்து இரண்டு மைல் உள்ளே. பனி விலகினால் அங்கிருந்து சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி தெரியும். அந்தக் குட்டையில் இன்னும் பழைய கெண்டை இருந்தது. கை நீளம், வெள்ளி வயிறு, சாம்பல் முதுகு. யாரும் கொண்டுவந்து விட்ட மீன் இல்லை, அந்தத் தண்ணீரிலேயே இருந்து வந்தது.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம். பங்குனியில் தண்ணீர் வற்றும்போது ஒரு நாள் ஊரே குட்டையில் இறங்கும். ஊத்தா என்று அடியில்லாத மூங்கில் கூடை. அதைச் சேற்றில் குத்தி, மேல்வாயில் கையை விட்டு மீனை எடுப்பார்கள். கட்டிக் கொடுத்த பெண்களும் மருமகன்மாரும் அன்றைக்கு ஊருக்கு வருவார்கள். எல்லா வீட்டிலும் ஒரே குழம்பு மணம். மூன்று வருஷம் முன்னால் குட்டை காய்ந்து மீன் குறைந்துபோனதால், ஊர்ப் பெரியவர் அந்த நாளை நிறுத்தினார். என் வயதுக்காரர் அவர். என்னைப்போல் அலைந்தவர் இல்லை, ஆனால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஊரில் மறுவார்த்தை கிடையாது. மீன் பெருகியது என்று தெரிந்தால்தான் மறுபடி ஊத்தா இறங்கும் என்று சொல்லியிருந்தார். மூன்று பங்குனி ஊர் பொறுத்துக்கொண்டிருந்தது.

மேடம் போய் நின்றதும் அவர் கேட்டார். "ஏனுங்க அம்மணி, நீங்க எண்ணிப்போட்டு எத்தனைன்னு சொல்லுவீங்களா?"

"சொல்லுவேனுங்க."

"நொம்ப இருக்குதுன்னா நாள் வெச்சுக்கலாமுங்களா?"

"நெறைய இருந்தா வெச்சுக்கலாம். கம்மியா இருந்து எல்லாரும் ஒரே நாள்ல இறங்குனீங்கன்னா அதோட இந்தக் கெண்டை முடிஞ்சு போயிருமுங்க. சுத்துவட்டத்துல வேற எந்தக் குட்டையிலயும் இது இல்லை. பாத்துட்டு வந்துதான் சொல்றேன்."

"செரி. நீங்க சொல்ற கணக்குப்படி ஆகட்டும்," என்றார் பெரியவர். இப்படியாக ஊர் நாளும் கெண்டையின் உயிரும் ஒரு கணக்கில் வந்து தொங்கின.

முதல் நாள் அறுபது கெண்டை பிடித்தோம். மேடம் ஒவ்வொன்றையும் ஈரக் கையில் ஏந்தி, சின்னக் கத்திரிக்கோலால் வால் ஓரத்தில் ஒரு நறுக்கு நறுக்கி, மெதுவாகத் தண்ணீரிலேயே விட்டார். எதற்கு என்று எல்லோரையும் நிற்கவைத்து விளக்கினாராம். நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் நான் அந்தப் பொம்பளைக்கும் விவசாயிகளுக்கும், இதே குட்டை மேட்டில் நூற்றிருபது ஆட்டை ஒற்றையாளாக மேய்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல கதை அது. அவர்களும் கேட்டார்கள். அதனால் அவர்களும் மேடம் சொன்னதைக் கேட்கவில்லை.

ஆடு மேய்த்தவனுக்கு நறுக்கு என்றால் ஒன்றுதான். சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்குக் காது ஓரத்தில் ஒரு நறுக்கு இருக்கும். அதை விற்க மாட்டோம், அடிக்க மாட்டோம். சாயங்காலம் பட்டியில் அடைக்கும்போது மந்தையோடு சேர்த்து எண்ணவும் மாட்டோம். உடைமைக்காரர் "எத்தனை உருப்படி?" என்று கேட்டால் அது போக மிச்சத்தைத்தான் சொல்வோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கரையில் நின்ற ஊர்ப் பெரியவர்கூட, மேடம் வாலை நறுக்கி விடுவதைப் பார்த்துக் கும்பிட்டார். காலேஜ் படித்தவராக இருந்தாலும் மலைக்கு வந்ததும் முதல் பிடியைச் சாமிக்கு விடுகிறாரே என்று எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். அன்றைக்குப் பனி அப்படி. கரையிலிருந்த மேடம் எங்களுக்குத் தெரியவில்லை, நாங்கள் அவருக்குத் தெரியவில்லை. வலையை இழுத்து வளைத்து, நாங்கள் தண்ணீரிலேயே நின்று ஒவ்வொரு மீனாக எடுத்து வாளியில் போட்டோம். பிள்ளைகள் வாளியைக் கரைக்குச் சுமந்தார்கள். வால் நறுக்கிய மீன் கைக்கு வந்தபோதெல்லாம் நான் தண்ணீரிலேயே விட்டேன். பக்கத்தில் அந்தப் பொம்பளையும் விட்டாள். விவசாயிகளும் விட்டார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. பேச என்ன இருக்கிறது? சாமியுடையது சாமியிடம் போகிறது.

கரைக்கு இருபத்துநான்கு கெண்டை போய்ச் சேர்ந்தது. அதில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வால் நறுக்கு இருந்ததாக மேடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். "ஒன்னுதானுங்களா? நல்லாப் பாத்தீங்களா?" டிரில் வாத்தியார் வாளியைத் துழாவிப் பார்த்து, "ஒன்னே ஒன்னுதாம்மா, அதையும் நான்தான் வலை ஓரத்துல புடிச்சுப் போட்டேன்," என்றார்.

மேடம் ஈரப் பாறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். பெரியவர் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

"கணக்குப்படி பாத்தா ஆயிரத்தி நானூறு வருதுங்க. ஆனா ஒரே ஒரு மீனை வெச்சு வந்த கணக்கு, அவ்வளவு உறுதியில்லை. பாதின்னு வெச்சாலும் எழுநூறு இருக்குது."

பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். "பங்குனி மொத ஞாயித்துக்கெழமை," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கரையில் இருந்தவர்கள் அப்போதே போனை எடுத்து உறவுக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. "நான் அன்னைக்கே சொன்னனில்ல, இந்தக் குட்டையில ஆயிரத்துக்குக் குறையாதுன்னு? தண்ணியப் பாத்தே நான் சொல்லிப்போடுவேன்," என்று வாழவந்தியிலும் மஞ்சக்குட்டையிலும் டீக்கடை டீக்கடையாகச் சொன்னேன். ஆயிரத்து நானூறு என்ற எண் என் வாயால்தான் மலையெல்லாம் பரவியது.

சில நாள் கழித்து மேடத்தையும் வாத்தியாரையும் ஏற்காடு பஸ் நிறுத்தத்தில் விட ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு வளைவில் வாத்தியார் பின்னாலிருந்து கேட்டார்.

"ஏம்மா, அந்த ஆயிரத்தி நானூறு எப்படி வந்துச்சு? நான் எழுதுனது எல்லாம் சேத்தாலும் நூறு தாண்டலையே."

"ரொம்பச் சுலபம் சார். அறுபது மீனுக்கு வாலை நறுக்கி விட்டோமில்ல, அது குட்டை மீனோட நல்லாக் கலந்துடும். அடுத்த தடவை பிடிக்கறதுல பாதிக்குப் பாதி நறுக்குன வாலா வந்தா, குட்டையில மொத்தமே நூத்தி இருபதுதான்னு அர்த்தம். நமக்கு இருபத்தி நாலுல ஒன்னுதான் வந்துச்சு. அப்ப மொத்தம் அறுபதைப் போல இருபத்தி நாலு மடங்கு. நறுக்குன வால் எவ்வளவு கம்மியா வருதோ அவ்வளவு மீன் குட்டையில நிறைய."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"என்னங்க ஐயா?"

"ஒன்னுமில்லைங்க அம்மணி. கிளச்சு மெதிக்கையில முட்டி புடிச்சுக்கிச்சு."

பொய். வலி இருந்தது, ஆனால் அதற்காக நிறுத்தவில்லை. என் கையால் மட்டும் பதினைந்து நறுக்கு வாலைத் தண்ணீரில் விட்டிருக்கிறேன். மற்றவர்கள் விட்டது எத்தனையோ. வாத்தியாருக்கு நேர்த்திக்கடன் வழக்கம் இல்லை. அதனால்தான் அவர் பிடித்த அந்த ஒன்று மட்டும் வாளிக்குப் போயிருக்கிறது. அந்த ஒன்றை வைத்து ஆயிரத்து நானூறு.

இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் என் வீட்டுக்காரி சோற்றுத் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, ரெண்டு நாளா ஊட்ல சத்தமே இல்லை. ஜொரமா?"

"இல்லை."

"அப்ப என்னமோ பண்ணிப்போட்டு வந்திருக்கறீங்க."

அவளிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்குது," என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். நான் பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை, வியாபாரம் செய்தவன். ஊர் இறங்கும், கிடைத்ததைப் பிடிக்கும், இவ்வளவுதானா என்று கொஞ்சம் முணுமுணுக்கும். மேடத்தின் கணக்கு தப்பு என்று மேடத்தின் தலையில் போய்விடும். என் பெயர் எங்கேயும் வராது. அடுத்த பங்குனியில் குட்டையில் கெண்டை இருக்காது. அவ்வளவுதான். எனக்கு அசதியாக இருந்தது. படுத்தே கிடந்தேன். எழுந்தபோது முழங்கால் மடங்கவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு போனை எடுத்து மேடத்தைக் கூப்பிட்டேன்.

"அம்மணி, நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு வந்துருங்க. வந்ததுக்கப்பறம் சொல்றேன்."

அவரை ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனபோது பெரியவர் வாசலில் உட்கார்ந்து பழைய ஊத்தாவுக்குப் புது மூங்கில் சிம்பு கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கட்டி முடித்த நான்கு ஊத்தாக்கள். வலை இழுத்த பொம்பளை அங்கேயே ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "வாங்கண்ணா, ஆயிரத்தி நானூறு அண்ணா," என்றாள்.

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால். வாலில் நறுக்கு இருந்த மீனையெல்லாம் சாமி மீன் என்று தண்ணீரில் விட்டுவிட்டேன், அதனால் கணக்கு தப்பு, குட்டையில் மீன் கொஞ்சந்தான் இருக்கும் என்று.

மேடத்துக்கு முதலில் புரியவில்லை. "விட்டுட்டீங்களா? எதுக்குங்க?"

"காது நறுக்குன ஆட்டை யாராச்சும் எண்ணுவாங்களா அம்மணி?" என்றாள் அந்தப் பொம்பளை. அவளுடைய முறம் நின்றுவிட்டது. "நானும் ஏழெட்டு விட்டனுங்க. அண்ணன் மட்டும் இல்லை."

மேடம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் வெளக்குனேனே," என்றார் மெதுவாக.

"நீங்க வெளக்கையில நான் பேசிட்டிருந்தனுங்க," என்றேன்.

பெரியவர் சிம்பைக் கீழே போட்டார். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நாலு நாளாச்சுங்க."

"நாலு நாளு. எம் மூத்த மக நேத்தே வந்துட்டா. அவளோட மாமியார் ஊட்லயே பன்னெண்டு பேரு வர்றாங்க. இந்த மலையில உங்களைப்போலப் பேசறவரு இல்லை. பேச வேண்டிய நாலு நாளு வாயை மூடிக்கிட்டீங்க."

கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

மேடம்தான் எழுந்தார். "ஐயா, இன்னொரு தடவை இன்னைக்கே எண்ணிப் பாத்துடலாம். நறுக்குன வால் வந்தா அதையும் கரைக்குக் கொண்டுவரணும். எண்ணிட்டு உடனே தண்ணியில விட்டுடறேன். உங்களுக்கு அது தப்புன்னு பட்டா வேண்டாம்."

எல்லோரும் பெரியவரைப் பார்த்தோம். அவர் ஊத்தாவைப் புரட்டிப் பார்த்தார். "எண்ணலாம்," என்றார். "சாமி எண்ண வேண்டாம்னு சொல்லலை. நாமதான் எண்ணலை. ஆனா கொழம்புக்கு ஆகாது. அதை மட்டும் மறந்துறாதீங்க."

வாத்தியாருக்குப் போன் போட்டோம்; பைக்கில் வந்தார். விஷயத்தைக் கேட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க மொதலாளி, சாமி மீனைப் புடிச்சுப் போட்ட பாவி நான் ஒருத்தன் இருந்ததால இந்தக் குட்டை ஆயிரத்தி நானூறாச்சு. நானும் உங்களைப்போல விட்டிருந்தா?"

"கணக்கே வந்திருக்காது," என்றார் மேடம்.

மறுபடி தண்ணீர். பனி இல்லை, வெயில் அடித்தது, ஆனாலும் தண்ணீர் எலும்பைக் கடித்தது. வலையின் ஒரு நுனியை நான் பிடித்தேன். பாதி தூரத்தில் கை விட்டுப்போனது. அந்தப் பொம்பளை என் நுனியையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை ஒவ்வொரு மீனையும் வெளிச்சத்தில் தூக்கி வாலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னோம். நறுக்கு. முழுசு. நறுக்கு. நறுக்கு. கரையில் வாத்தியார் கோடு போட்டுக்கொண்டே வந்தார். நடுவில் யாரோ ஒரு விவசாயி பழக்கத்தில் ஒன்றைத் தண்ணீரில் விடப்போனார். நான்கு பேர் ஒரே நேரத்தில் "ஏய்" என்றோம்.

நாற்பத்தேழு மீன். அதில் இருபத்தேழுக்கு நறுக்கு.

மேடம் கணக்கைச் சொல்வதற்கு முன்னாலேயே பெரியவருக்குப் புரிந்துவிட்டது. அவர் வாளிப் பக்கத்தில் குந்தி, மீன்களைத் தண்ணீரில் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூத்தி நாலுங்க," என்றார் மேடம். "கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம்."

"அதுல அறுபது சாமியோடது."

"ஆமாங்க."

"மிச்சம் நாப்பத்திச் சொச்சம். எங்க ஊர்ல ஊத்தாவே அறுபதுக்கு மேல இருக்குது." எழுந்து வேட்டியை உதறினார். "இந்தப் பங்குனி இல்லை."

கரையில் நின்ற ஒருத்தன், ஆட்டுக்குக் காது வளராது, மீனுக்கு வால் வளருமா என்று கேட்டான். வளரும், சில மாதத்தில் நறுக்கு மறைந்துவிடும் என்றார் மேடம். பெரியவர் அதைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அடுத்த மாசி வந்து மறுபடி நறுக்கி விட்டுட்டுப் போங்க அம்மணி. எண்ணறதுக்கு நீங்க வந்தாப்பல இருக்கும், அதைப் புடிக்க எங்க ஆளுங்களுக்கும் கை வராது."

மீன் விஷயம் அதோடு முடிந்தது. என் விஷயம் முடியவில்லை. வரவேண்டாம் என்று உறவுக்காரர்களுக்கு யார் சொல்வது? ஊர்க்காரர்கள் போனில் பாதிப் பேருக்குச் சொன்னார்கள். மஞ்சக்குட்டைப் பக்கம் டவர் கிடைக்காத வீடுகள் ஏழெட்டு இருந்தன. "வாயால பரப்புனது நீங்க. நீங்களே போயிச் சொல்லிப்போடுங்க," என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் களைத்திருந்தார். கட்டி முடித்த ஊத்தாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஈர வேட்டியோடு ஜீப்பை எடுத்தேன். முதல் வீட்டில் ஒரு கிழவர், பெரியவரின் சம்பந்தி, புதுச் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறுக்கு வாங்கியதாம். விஷயத்தைச் சொன்னேன். காப்பி கொடுத்தார். குடித்து முடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"ஆயிரத்தி நானூறுன்னு டீக்கடையில சொன்னது நீங்கதானுங்களே?"

"நான்தானுங்க."

"எப்படிங்க அது நூறா ஆச்சு?"

முதலிலிருந்து சொன்னேன். ஆடு, காது, வால், வாத்தியாரின் ஒரு மீன், எல்லாம். சொல்லி முடித்து எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவர்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இன்னும் ஏழு வீடுகள் பாக்கி இருந்தன. ஒவ்வொன்றிலும் காப்பி கொடுத்தார்கள், ஒவ்வொன்றிலும் அதே கேள்விதான்.